மடிப்புக் கோட்டிலேயே வெட்டிவிட்டார்கள்: எந்த இடத்துக்கு எந்தக் கோடு?

புது வரைவாளர் கேட்டது:

வணக்கம். டிசைன் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் என் டிராயிங்கால் ஒரு வேலை கெட்டுப்போனது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

2 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு மூடி. நடுவில் செவ்வகம், நான்கு பக்கமும் 25 மி.மீ. உயரத்துக்கு மடங்கும் விளிம்பு. விரித்த வடிவத்தை வரைந்து, நான்கு மடிப்புக் கோடுகளையும் போட்டு, டிஎக்ஸ்எஃப் கோப்பாக லேசர் கட்டிங்குக்கு அனுப்பினேன். மொத்தம் 12 மூடி. திரும்பி வந்த கட்டைப் பிரித்தால் உள்ளே 12 செவ்வகமும் 48 பட்டையும் தனித்தனியாகக் கிடந்தன. மடிப்புக் கோடுகள் நான்கிலும் லேசர் ஓடியிருக்கிறது.

என் டிராயிங்கைத் திறந்து பார்த்தேன். வெளி விளிம்பும் மடிப்புக் கோடும் ஒரே லேயர் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு), ஒரே தடிமன், இரண்டுமே தொடர்கோடு. எங்கள் மேலதிகாரி திட்டவில்லை. "முதலில் கோட்டு வகைகளை ஒழுங்காகக் கற்றுக்கொள்" என்று மட்டும் சொன்னார்.

படிக்கும்போது இதற்கு ஒரு அட்டவணை இருந்தது. பத்து வகைக் கோடு, பக்கத்தில் பயன். தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன், இரண்டு மாதத்தில் மறந்துவிட்டது. இப்போது அதையே மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். படித்தால் புரிகிறது. ஆனால் வரைய உட்கார்ந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் அட்டவணையைப் புரட்ட வேண்டியிருக்கிறது. பல வருடம் வரைந்தவர்கள் இதை எப்படி மனதில் வைத்திருக்கிறீர்கள்? இந்த அட்டவணைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறதா, இல்லை வெறும் வழக்கமா?


லேசர் புரோகிராமர் எழுதியது:

உங்கள் மூடியைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மடிப்புக் கோட்டை நீங்கள் சரியாக, மெல்லிய கோடாகப் போட்டிருந்தாலும் அது வெட்டுப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. டிஎக்ஸ்எஃப் கோப்பைத் திறக்கும்போது எங்கள் மென்பொருளுக்கு வேண்டியது கோட்டின் பாதை மட்டும்தான். அது 0.25 மி.மீ. தடிமனா, 0.7 மி.மீ. தடிமனா, துண்டு துண்டாக இருக்கிறதா என்பதைப் பார்க்காது. லேயரையோ நிறத்தையோ வைத்துத்தான் எதை வெட்டுவது, எதை விடுவது என்று பிரிக்கிறோம். எல்லாம் ஒரே லேயரில் இருந்தால் எல்லாமே வெட்டு.

அதனால் வெட்டுக்கு அனுப்பும் கோப்பில் வெளி விளிம்பும் துளைகளும் மட்டும் இருக்கட்டும். மையக்கோடு, அளவு, சட்டம், பெயர்க்கட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மடிப்புக் கோடு வேண்டுமென்றால் தனி லேயரில், அதன் பெயரிலேயே மடிப்பு என்று தெரியும்படி வையுங்கள். குறைந்த சக்தியில் லேசாகக் கீறித் தருவதா, அல்லது கோட்டின் இரு முனையிலும் சின்ன வெட்டு அடையாளம் வைப்பதா என்பதை வெட்டுகிறவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கூடவே மடிப்புக் கோடு, திசை, கோணம் எல்லாம் உள்ள முழு டிராயிங்கை பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அது இல்லாமல் வரும் கோப்பைத் தொடவே எனக்குப் பயமாக இருக்கும்.

இன்னொன்று. ஒரே கோடு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை வரையப்பட்டிருந்தால் லேசரும் இரண்டு முறை ஓடும். அனுப்பும் முன், இப்படி மேலே மேலே விழுந்த கோடுகளை நீக்கும் ஓவர்கில் கட்டளையை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.


பழைய டிரேசர் எழுதியது:

தம்பி, லேசர் புரோகிராமர் சொன்னது முழுக்கச் சரி. அது இயந்திரம் படிக்கும் கோப்பு. நான் மனிதர் படிக்கும் டிராயிங்கைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் கேட்ட காரணம் அங்கேதான் இருக்கிறது.

நான் டிரேசராக வேலையைத் தொடங்கியவள். பொறியாளர்கள் பென்சிலில் வரைந்து தருவதை டிரேசிங் ஃபிலிமில் மையால் எடுப்பதுதான் என் வேலை. எங்கள் அறையில் ஏழு பெண்கள். ஒவ்வொருவர் மேசையிலும் நான்கு மைப்பேனா இருக்கும். அவற்றில் தடிமனுக்கு ஒரு நிற வளையம்: 0.25க்கு வெள்ளை, 0.35க்கு மஞ்சள், 0.5க்குப் பழுப்பு, 0.7க்கு நீலம். முதலில் வட்டங்களும் வளைவுகளும், அப்புறம் நேர்கோடுகள். வளைவோடு நேர்கோட்டைச் சேர்ப்பது சுலபம். நேர்கோட்டோடு வளைவைச் சேர்க்கப் போனால் இணையும் இடம் பிசகும். 0.7 பேனாவின் மை காய நேரம் எடுக்கும், அதற்குள் கை பட்டால் இழுத்துக்கொள்ளும். தப்பாகப் போட்ட கோட்டை பிளேடு முனையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு பேனாவை மூடி வைத்துவிட்டு இன்னொன்றைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், "இந்தக் கோடு எதற்கு?" என்ற கேள்வி தானாகவே வந்துவிடும். இன்றைக்கு லேயரை மாற்ற ஒரு கிளிக் போதும், அதனால் அந்தக் கேள்வி வருவதில்லை. உங்களிடம் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கேள்வியை நீங்களாக வரவழைத்துக்கொண்டால் அட்டவணையே வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்குச் சொல்லிக் கொடுத்த மூத்த வரைவாளர் ஒரு வழி காட்டினார். கோட்டின் மேல் விரலை வை. வேலை முடிந்த பொருளில் அதே இடத்தில் நகத்தை ஓட்டினால், நகம் தட்டுமா?

தட்டும், அந்த விளிம்பு இந்தப் பார்வையில் கண்ணுக்கும் தெரியும் என்றால் தடித்த தொடர்கோடு. தட்டும், ஆனால் பின்னாலோ உள்ளேயோ மறைந்திருக்கிறது என்றால் மெல்லிய துண்டுக்கோடு. தட்டவே தட்டாது என்றால் அது பொருளில் இல்லாத கோடு. நாம் பொருளைப் பற்றிப் பேசும் பேச்சு அது. அதற்கு மெல்லிய கோடுதான்.

உங்கள் மூடியில் வைத்துப் பாருங்கள். விரித்த தகட்டில் வெளி விளிம்பில் நகம் தட்டும். மடிப்பு வரப்போகும் இடத்தில் தகடு வழுவழுவென்று இருக்கிறது, தட்டாது. வரைபடங்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 128இலும் மடிப்புக் கோட்டுக்கு மெல்லிய தொடர்கோடுதான். சில நிறுவனங்களில் அங்கே சங்கிலிக் கோடு (நீள்துண்டும் புள்ளியும் மாறி மாறி வருவது) போடும் பழக்கம் உண்டு, ஆனால் அதுவும் மெல்லியதே. அளவுக்கோடு, அளவை இழுத்து வரும் நீட்டிப்புக் கோடு, குறிப்பைக் காட்டும் கோடு, வெட்டுமுகத்தில் போடும் ஹேட்ச்சிங் எல்லாம் இதே இனம். வெட்டுமுகத்தில் 45 பாகையில் சாய்த்துக் கோடு கோடாகப் போடுகிறோமே, பொருளை உண்மையில் அறுத்துப் பார்த்தால் அங்கே கோடா இருக்கும்?

இந்தச் சோதனையின் அருமை மரை வரையும்போது தெரியும். போல்ட்டுக்கு வெளி விட்டம் தடித்த கோடு, உள் விட்டம் மெல்லிய கோடு. மரை போட்ட துளைக்கு அப்படியே தலைகீழ்: உள் விட்டம் தடிப்பு, வெளி விட்டம் மெல்லிசு. மாணவர்கள் மாற்றிப் போடும் இடம் இதுதான். போல்ட்டைக் கையில் எடுத்தால் விரல் படுவது மரையின் உச்சியில், அதாவது வெளி விட்டத்தில். துளைக்குள் விரலை விட்டால் படுவது உள் விட்டத்தில். விரல் படும் விட்டத்துக்குத் தடிப்பு. பள்ளத்தின் அடிக்கு மெல்லிய கோடு. முனையிலிருந்து பார்க்கும் பார்வையில் அந்த மெல்லிய வட்டத்தை முழுதாகப் போடாமல் முக்கால் வட்டமாக விட வேண்டும். துளையை வெட்டுமுகமாகக் காட்டினால் ஹேட்ச்சிங் மெல்லிய கோட்டைத் தாண்டி, தடித்த கோடு வரை போக வேண்டும். உலோகம் அதுவரை இருக்கிறது.

வார்ப்புப் பொருளில் இரண்டு முகங்கள் பெரிய வளைவோடு ஒன்றில் ஒன்று கலக்கும். அங்கே விளிம்பே கிடையாது, நகம் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனாலும் அந்த இடத்தைக் காட்டாவிட்டால் படம் வெறுமையாக இருக்கும். அதற்கு மெல்லிய தொடர்கோடு, இரு முனையும் புறக்கோட்டைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு. மென்பொருள் இதைத் தடித்த கோடாகவே போட்டுக் கொடுத்தால், வார்ப்பு வேலைக்காரர் அதைக் கூர்மையான விளிம்பு என்றுதான் படிப்பார். அனுப்பும் முன் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது சங்கிலிக் கோடுகள். நீள்துண்டு, புள்ளி, நீள்துண்டு என்று வருவது மையக்கோடு. அது அச்சையும் சமச்சீரையும் சொல்லும். நீள்துண்டுக்கு நடுவில் இரண்டு புள்ளி வந்தால் அது வேறு கதை. அதை நான் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன்: இன்னொரு பொருள், அல்லது இதே பொருளின் இன்னொரு நேரம். பக்கத்தில் மாட்டப்போகும் வேறு பாகம். நெம்புகோல் மறுமுனைக்குப் போனால் நிற்கும் நிலை. வளைப்பதற்கு முன் இருந்த வடிவம். மூன்றும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

இதை நான் கற்றது ஒரு தவற்றில். டிரேசராகச் சேர்ந்த முதல் வருடம் ஒரு வார்ப்புத் தாங்கியின் டிராயிங்கை மையால் எடுத்தேன். தாங்கிக்குப் பின்னால் ஒரு மோட்டார் உட்காரும். பென்சில் படத்தில் அதன் வெளிவடிவம் இரட்டைப் புள்ளிச் சங்கிலியில் இருந்தது. புள்ளிகள் மங்கலாக இருந்ததால் அதை மறைகோடு, அதாவது மறைந்த விளிம்பைக் காட்டும் துண்டுக்கோடு, என்று எண்ணி, துண்டு துண்டாகப் போட்டுவிட்டேன். படம் அழகாகத்தான் வந்திருந்தது. செக் செய்தவர் கண்ணிலும் படவில்லை. மர அச்சு செய்பவர் அதைத் தாங்கியின் பின்புறத்தில் இருக்கும் தடிப்பு என்று படித்து, அந்த இடத்தில் மரத்தைக் கூட்டி அச்சு செய்துவிட்டார். முதல் வார்ப்பு வந்தபோது, மோட்டார் உட்கார வேண்டிய இடத்தில் இரும்பு உட்கார்ந்திருந்தது. அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை. துண்டுக்கோடு என்றால் "இங்கே உலோகம் இருக்கிறது, ஆனால் தெரியவில்லை" என்று பொருள். நான் சொன்னதை அவர் நம்பினார். அந்த ஃபிலிமை வாங்கி, அந்தக் கோட்டை பிளேடால் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆனது. இன்றைக்கும் இரட்டைப் புள்ளிக் கோடு போடும்போது புள்ளிகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுவேன்.

தடிமனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இயந்திர வரைபடத்தில் இரண்டே தடிமன் போதும். மெல்லியது ஒன்று என்றால் தடித்தது அதற்கு இரண்டு மடங்கு. 0.7க்கு 0.35, அல்லது 0.5க்கு 0.25. அமெரிக்கத் தரமான ஏஎஸ்எம்இ ஒய்14.2 இதையே 0.6, 0.3 என்று சொல்கிறது. ஐந்தாறு தடிமன் வைத்துக்கொண்டு அலங்கரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். படிக்கிறவருக்கு அது தொல்லைதான். தடித்ததா, மெல்லியதா என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

1982ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 128 தரத்தில் கோடுகளுக்கு ஏ முதல் கே வரை எழுத்து இருந்தது. தடித்த தொடர்கோடு ஏ, மெல்லியது பி. நான் படித்தது அதுதான். இப்போது எண்கள். 01.2 என்றால் முதல் எண் கோட்டின் வடிவம், புள்ளிக்குப் பிறகு வருவது தடிமன்: 1 மெல்லியது, 2 தடித்தது. உங்கள் கையில் இருக்கும் அட்டவணை எழுத்தில் இருந்தால் அது பழையது. பொருள் பெரும்பாலும் மாறவில்லை.


லேத்காரர் எழுதியது:

மேடம் சொன்ன நகக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஒரு சந்தேகம். நான் தினமும் ஷாஃப்ட் கடைகிறவன். ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் வரைந்தால் மேலும் கீழும் இரண்டு தடித்த கோடு இருக்கும். கடைந்து முடித்த ஷாஃப்ட்டில் அந்த இடத்தில் நகம் ஓட்டினால் எங்கேயும் தட்டாது, சுற்றிக்கொண்டே போகும். அப்போது அது மெல்லிய கோடா?

அப்புறம் என் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். டிராயிங் எங்களிடம் வரும்போது நீங்கள் திரையில் பார்ப்பது போல இருக்காது. பிளாஸ்டிக் உறையில் போட்டு மெஷின் பக்கத்தில் மாட்டியிருப்போம். குளிர்விப்பான் தெறித்திருக்கும், எண்ணெய்க் கை பட்டிருக்கும். நான் முதலில் தேடுவது மையக்கோட்டை. எதைச் சுற்றிக் கடைய வேண்டும், எந்தப் பக்கத்தை சக்கில் பிடிக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும். அப்புறம் தடித்த கோட்டின் மேல் கண்ணை ஓட்டுவேன். என் டூல் போகும் வழி அது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு தடவை ஒரு ஷாஃப்ட்டில் இரண்டு விட்டத்துக்கும் நடுவே 0.4 மி.மீ. படி இருந்தது. முழு அளவில்தான் வரைந்திருந்தார்கள். தடித்த கோடே 0.5 மி.மீ. என்னும்போது 0.4 மி.மீ. படி எங்கே தெரியும்? இரண்டு கோடும் ஒட்டி ஒரே கோடாகத் தெரிந்தது. நான் முழு நீளத்தையும் ஒரே விட்டத்தில் கடைந்துவிட்டேன். எழுதியிருந்த அளவைப் பார்த்திருக்க வேண்டும், அது என் பிழைதான். ஆனால் அந்த இடத்தை மெல்லிய வட்டத்தால் சுற்றி, ஓரமாக ஐந்து மடங்கு பெரிதாக வரைந்து காட்டியிருந்தால் யாருமே தவறியிருக்க மாட்டார்கள்.

தடித்த சங்கிலிக் கோட்டையும் மறந்துவிடாதீர்கள். ஷாஃப்ட்டில் எந்த நீளம் வரை கடினப்படுத்த வேண்டும் என்பதைப் புறக்கோட்டுக்கு வெளியே, அதற்கு இணையாக, அந்தக் கோட்டால் காட்டுவார்கள். அது இல்லாமல் "தேவையான இடத்தில் கடினப்படுத்தவும்" என்று மட்டும் எழுதிய டிராயிங் வந்தால் நாங்கள் யாரைப் போய்க் கேட்பது?


புது வரைவாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேடம், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய டிராயிங் ஒன்றை அச்செடுத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரே தாளில் ஒன்பது இடம் மாற்ற வேண்டியிருந்தது. அதில் மரைத் துளை மட்டும் நான்கு.

இரண்டு விஷயம் இன்னும் இடிக்கிறது. ஒன்று, மறைகோடு என்று லேயர் போட்டிருந்தும் திரையில் சில இடங்களில் தொடர்கோடாகவே தெரிகிறது. இரண்டு, ஏ1 தாளுக்கு வரைந்ததை எங்கள் ஆபீஸில் ஏ3 தாளில்தான் அச்செடுக்கிறார்கள். அதில் தடித்த கோடும் மெல்லிய கோடும் ஒன்று போலவே வருகின்றன.


பழைய டிரேசர் எழுதியது:

முதலில் லேத்காரர் கேள்விக்கு. நான் அவசரத்தில் விட்டுவிட்டேன், பிடித்துக் கொடுத்ததற்கு நன்றி. நகம் தட்டும் விளிம்பு ஒரு பாதி. இன்னொரு பாதி, பார்க்கும் திசையில் பொருள் முடிந்து வெளி தொடங்கும் எல்லை. ஷாஃப்ட்டின் மேல்கோடும் கீழ்கோடும் அந்த எல்லை. அங்கே விளிம்பு இல்லை, ஆனால் அதற்கு அப்பால் உலோகமும் இல்லை. அதுவும் தடித்த தொடர்கோடுதான். உங்கள் 0.4 மி.மீ. படிக்கு நீங்கள் சொன்ன உருப்பெருக்கப் பார்வையே சரி. இணைகோடுகளுக்கு நடுவே குறைந்தது 0.7 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று தரத்திலேயே இருக்கிறது.

தம்பி, திரையில் மறைகோடு தொடர்கோடாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஆட்டோகேடில் கோட்டு வகைகள் இரண்டு கோப்பில் இருக்கின்றன. அகேட்.லின் அங்குலக் கணக்கு, அகேட்ஐஎஸ்ஓ.லின் மில்லிமீட்டர் கணக்கு. ஹிட்டன் என்ற மறைகோட்டு வகையின் ஒரு துண்டு முதலாவதில் 0.25, இரண்டாவதில் 6.35, அதாவது 25.4 மடங்கு. மில்லிமீட்டர் டிராயிங்கில் அங்குலக் கோப்பை ஏற்றியிருந்தால் துண்டுகள் கால் மில்லிமீட்டர் நீளத்தில் நெருங்கி, ஒரே கோடாகத் தெரியும். சரியான கோப்பிலிருந்து மறுபடி ஏற்றுங்கள். அப்புறம், கோடே ஒரு துண்டும் ஒரு இடைவெளியும் கொள்ளாத அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் தொடர்கோடாகத்தான் வரும். 5 மி.மீ. ஆழத் துளையின் பக்கவாட்டுக் கோட்டில் இதை அடிக்கடி பார்க்கலாம். அங்கே பாதி அளவுத் துண்டுள்ள ஹிட்டன்2 போடுங்கள், அல்லது அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் அளவுவிகிதத்தைக் குறையுங்கள். மொத்த டிராயிங்கின் கோட்டு வகைகளுக்கும் பொதுவான அளவுவிகிதமான எல்டிஸ்கேலை ஒரு சின்னக் கோட்டுக்காக மாற்றாதீர்கள், மையக்கோடெல்லாம் பொடியாகிவிடும்.

துண்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. கோட்டின் தடிமனைப் போல 12 மடங்கு துண்டு, 3 மடங்கு இடைவெளி. 0.35 தடிமன் என்றால் துண்டு 4.2 மி.மீ., இடைவெளி சுமார் 1 மி.மீ. மையக்கோட்டின் நீள்துண்டு 24 மடங்கு. மென்பொருளில் இருக்கும் ஐஎஸ்ஓ வகைகள் 1 மி.மீ. பேனாவுக்காக எழுதப்பட்டவை. 0.35 பேனாவுக்கு விகிதத்தை 0.35 என்று கொடுத்தால் கணக்கு அப்படியே பொருந்தும்.

இப்போது ஏ3. தடிமன் வரிசையைப் பாருங்கள்: 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய 1.41 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். தாள் அளவும் அதே விகிதத்தில்தான் இறங்குகிறது. ஏ1 டிராயிங்கை ஏ2 ஆகச் சுருக்கினால் 0.7 கோடு 0.5 ஆகும், 0.35 கோடு 0.25 ஆகும். சுருக்கிய நகலில் ஒரு திருத்தம் என்றால் வரிசையில் அடுத்த பேனாவை எடுத்து வரைந்துவிடலாம், பொருந்திவிடும். மைப்பேனா நாட்களில் அந்த ஒழுங்கு எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியது என்று எனக்குத் தெரியும்.

ஏ1 தாளை ஏ3 ஆக்கும்போது எல்லாமே பாதி. நீங்கள் 0.5, 0.25 என்று வைத்திருந்தால் அச்சில் 0.25, 0.13 ஆகிவிடும். மங்கலான அச்சில், லேத்காரர் சொன்ன எண்ணெய்த் தாளில், அந்த வித்தியாசம் கண்ணுக்கு எட்டாது. ஏ3 தாளில்தான் வேலை நடக்கும் என்றால் 1 மி.மீ., 0.5 மி.மீ. என்று வரையுங்கள், பாதியானாலும் 0.5, 0.25 நிற்கும். இன்னும் நல்லது, ஏ3 தாளுக்கே தனி லேஅவுட் போட்டு, பெரிய பொருளை இரண்டு தாளாகப் பிரிப்பது. எழுத்தும் அப்போது படிக்கும் அளவில் இருக்கும். அச்சில் இரண்டு தடிமனும் துளிகூட வேறுபடவில்லை என்றால் பிளாட் ஸ்டைல் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் எல்லா நிறத்துக்கும் ஒரே தடிமன் கொடுக்கப்பட்டிருக்கலாம்.

கடைசியாக மறைகோட்டைப் பற்றி ஒன்று, நீங்கள் கேட்காவிட்டாலும். உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மறைகோட்டில் காட்டாதீர்கள். மென்பொருள் ஒரு பொத்தானில் முப்பது மறைகோட்டைக் கொட்டிவிடும். படிக்கிறவர் அதில் எது எதன் முன்னால் என்று தவிப்பார். உள்ளமைப்பு முக்கியம் என்றால் வெட்டுமுகம் போடுங்கள். மறைகோட்டிலிருந்து அளவு எடுக்கவே கூடாது. ஒரே இடத்தில் இரண்டு கோடு வந்து விழுந்தால் தெரியும் விளிம்புக்கு முதலிடம், அப்புறம் மறைகோடு, அப்புறம் வெட்டுத்தளக் கோடு (வெட்டுமுகம் எங்கே எடுத்தது என்று காட்டுவது), அதற்கும் பிறகுதான் மையக்கோடு. மையக்கோடுகள் வட்டத்தின் நடுவில் வெட்டிக்கொள்ளும்போது நீள்துண்டும் நீள்துண்டும் சந்திக்க வேண்டும். புள்ளியோ இடைவெளியோ அங்கே விழுந்தால் மையம் எதுவென்று தெரியாது. சின்னத் துளையில் சங்கிலிக்கு இடமில்லை என்றால் மெல்லிய தொடர்கோட்டில் ஒரு கூட்டல் குறி போதும்.


புது வரைவாளர் எழுதியது:

பிளாட் ஸ்டைலில் நீங்கள் சொன்னதேதான், மேடம். எல்லா நிறத்துக்கும் 0.25 என்று இருந்தது. எட்டு மாதமாக நான் லேயரில் எந்தத் தடிமன் கொடுத்தாலும் அச்சில் ஒரே கோடாக வந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தடிமனைக் கவனிப்பதையே விட்டுவிட்டேன் போல.

மூடியின் டிராயிங்கை மறுபடி போட்டுவிட்டேன். வெட்டுக் கோப்பில் வெளி விளிம்பும் ஆறு துளையும் மட்டும். மடிப்பு தனி லேயர். வெட்டுகிறவரிடம் பேசினேன், முனைகளில் சின்ன வெட்டு அடையாளம் வைத்தால் போதும் என்றார். பிடிஎஃப்பில் நான்கு மடிப்புக் கோடும் மெல்லிய கோடு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "கீழ்நோக்கி 90°" என்று எழுதியிருக்கிறேன். மடித்த பிறகு வரும் வடிவத்தை ஓரத்தில் தனிப் பார்வையாகவும் வரைந்திருக்கிறேன். 12 தகடும் நாளைக்கு வருகின்றன.